இலை எத்தனை மணி நேரம் நனைந்திருந்தது? காற்றில் பரவும் பயிர் நோய்கள்: கேள்வி-பதில்

கும்பப்பூ (பனிக்காலத்தில் கதிர் வரும் போகம்) நெல் பொதி கட்டும், அதாவது கதிர் உறைக்குள் திரளும், காலம் நெருங்கும்போது ஒரே மாதிரியான கேள்விகள் வரும். வானிலை அறிக்கை கையில் இருக்கிறது, அதை வைத்து என்ன முடிவு எடுப்பது என்பதுதான் பலருக்கும் குழப்பம். நெல்லோடு வாழை, ரப்பர், பாவல் (பாகல்) பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள்.

மேகதூத் என்ற வேளாண் வானிலைச் செயலியில் காலை ஈரப்பதம் 90, 92 என்று காட்டுகிறது. நெல்லின் குலைநோய்க்கு (பிளாஸ்ட்) உடனே மருந்து அடிக்க வேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள். அடிக்கலாமா? (பூதப்பாண்டி)

அந்த ஓர் எண்ணை மட்டும் நம்பி அடிக்க வேண்டாம். கடலும் மலையும் குளங்களும் நெருக்கமாக இருக்கும் நம் குமரி மாவட்டத்தில் விடியற்காலை ஈரப்பதம் 90ஐத் தொடுவது அபூர்வமல்ல. அதைப் பார்த்து அடிக்கத் தொடங்கினால் ஒரு பூவில் (போகத்தில்) மருந்துச் செலவே கூலியைத் தாண்டிவிடும்.

குலைநோய்க்கு நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கும் கணக்கு இது. இரவின் குறைந்தபட்ச வெப்பம் 20 முதல் 26 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஈரப்பதம் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இந்த இரண்டும் ஒரு வாரமாவது தொடர வேண்டும். அப்போது பயிர் நாற்றங்காலிலோ, தூர் கட்டும் பருவத்திலோ, கழுத்து வெளிவரும் பருவத்திலோ இருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து வந்தால்தான் ஆபத்து.

குமரியில் இந்தக் கணக்கின் முதல் பாதி அதிகம் உதவாது. இங்கே ஆண்டின் பெரும்பகுதி இரவுகள் அந்த 20–26க்குள்தான் இருக்கின்றன. நமக்கு வேறுபாட்டைக் காட்டுவது ஈரம்தான், அதிலும் ஈரம் தொடர்ந்து நின்ற மணி நேரம். குலைநோய்ப் பூசணத்தின் வித்துகள் பெரும்பாலும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் கிளம்பிக் காற்றில் மிதக்கும். இலையில் இறங்கிய வித்து நீர்ப்படலம் இருந்தால்தான் முளைக்கும். முளைத்து, இலைத்தோலில் அழுத்தமாக ஒட்டிக்கொண்டு, துளைத்து உள்ளே போக வேண்டும். அதற்குள் வெயில் ஏறி இலை காய்ந்துவிட்டால் வித்து செத்துப்போகும். சுமார் 10 மணி நேரம் காயாமல் இருந்தால் அது உள்ளே நுழைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து நாளில் கண் வடிவப் புள்ளி தெரியும். ஒரு வாரத்துக்குள் அந்தப் புள்ளியே புது வித்துகளைக் காற்றில் விடத் தொடங்கும்.

ஆகவே செயலியில் ஈரப்பதத்தோடு மேலும் மூன்று விவரங்களைச் சேர்த்துப் பாருங்கள். ஒன்று மேகம். அறிக்கையில் அது 0 முதல் 8 வரை எண்ணாக வரும். தெளிந்த, காற்றில்லாத இரவில் பனி நன்றாக இறங்கும். மறுநாள் காலை மேகம் 6, 7 என்று மூடியிருந்தால் அந்தப் பனி காய 9, 10 மணியாகிவிடும். இரண்டாவது காற்றின் வேகம். அது குறையக் குறைய இலை காயத் தாமதமாகும். மூன்றாவது மழை, அதுவும் பெருமழையைவிடச் சாரல். மாலை 6 மணிக்குச் சாரல் விழுந்து, இரவு பனி இறங்கி, காலை மேகம் மூடினால் 15, 16 மணி நேரம் ஈரம் நிற்கும். அப்படி மூன்று இரவு தொடர்ந்து வந்து, பயிரும் தூர் கட்டும் பருவத்திலோ பொதியிலோ இருந்தால் அடியுங்கள், புள்ளி தெரியும் வரை காத்திருக்காதீர்கள்.

டிரைசைக்ளசோல் 75 டபிள்யூ.பி. என்றால் லிட்டருக்கு 0.6 கிராம். 16 லிட்டர் தெளிப்பானுக்கு 10 கிராம் வரும். 50 சென்ட் வயலுக்கு 100 லிட்டர் தண்ணீரில் 60 கிராம் போதும். இந்த மருந்து வித்து இலைத்தோலைத் துளைப்பதைத் தடுக்கிறது. உள்ளே போய்விட்ட பூசணத்தை அழிக்கும் வேலையை இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. 'அடித்தும் கேட்கவில்லை' என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை புள்ளி பரவிய பிறகு அடித்தவை. கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே 30 நாள் விட வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கழுத்துக் குலைநோய் வந்து கதிர் வெளுத்துவிட்டது. இப்போது அடித்தால் மீளுமா? (தெரிசனங்கோப்பு)

வெளுத்த கதிர் மீளாது. கழுத்துக் கணு கருத்துப்போனால் பால் ஏறும் வழி அடைபட்டுவிடும். அதே வயலில் இன்னும் வெளிவராத கதிர்கள் பாதிக்கு மேல் இருந்தால் மட்டும் அவற்றைக் காக்க ஒரு முறை அடிக்கலாம். இல்லையென்றால் பணத்தைச் செலவழிக்காதீர்கள். அடுத்த கும்பப்பூவுக்கு, பொதி பிளந்து முதல் கதிர்கள் ஆங்காங்கே எட்டிப்பார்க்கும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். மார்கழி, தைப் பனியில் அந்த ஒரு வாரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

என் வயலில் குலைநோய், ஒரு வரப்பு தாண்டினால் பக்கத்து வயலில் ஒன்றுமே இல்லை. வானிலை இருவருக்கும் ஒன்றுதானே? (ராஜாக்கமங்கலம்)

ஊருக்கு வானிலை ஒன்றுதான், இலைக்கு ஒன்றல்ல. உங்கள் வயலின் கிழக்கு ஓரம் தென்னை நிற்கிறதா என்று பாருங்கள். காலை வெயிலைத் தென்னை மறைத்தால் அந்த ஓரத்தில் பனி காய ஒன்றரை, இரண்டு மணி நேரம் கூடுதலாகும். நோய் அந்த ஓரத்திலிருந்தே தொடங்கியிருந்தால் காரணம் உறுதி.

அடுத்தது யூரியா. மூட்டை மூட்டையாக ஒரே தடவையில் போட்ட வயலில் இலை சதைப்பிடித்து மென்மையாகும், பூசணம் எளிதில் துளைக்கும். பயிர் நெருங்கி உள்ளே காற்றும் போகாது. மேகமும் சாரலுமாக ஐந்து நாள் வரும் என்று அறிக்கை சொன்னால், அந்த வாரத்து மேலுரத்தைத் தள்ளிப் போடுங்கள். மருந்து வாங்காமலே நோயைக் குறைக்கும் வழி இது. முன்னறிவிப்பினால் கிடைக்கும் பெரிய லாபமும் இதுதான் என்பது எங்கள் கருத்து. வயலில் தண்ணீர் வற்றிப் பயிர் வாடியிருந்தாலும் குலைநோய் கூடும். அப்படியிருந்தால் தண்ணீர் கட்டுங்கள்.

ரகமும் ஒரு காரணம். ஐ.ஆர்.50, டி.கே.எம்.6 போன்றவை குலைநோய்க்கு எளிதில் இலக்காகும். பனிக்காலத்தில் கதிர் வரும்படி அவற்றை விதைக்க வேண்டாம். விதைக்கு முன் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து நேர்த்தி செய்யுங்கள். நட்ட 45ஆம் நாளிலிருந்து 10 நாள் இடைவெளியில் மூன்று முறை லிட்டருக்கு 5 கிராம் வீதம் தெளியுங்கள். உயிர்மருந்தான இதைத் தாமிர மருந்தோடு ஒரே தொட்டியில் கலக்கக் கூடாது.

பக்கத்தில் வானிலை நிலையம் இல்லை. இலை நனைந்த நேரத்தை வீட்டிலேயே அளக்க முடியுமா? (திங்கள்சந்தை)

முடியும். மூன்று வழிகள் உண்டு.

செலவே இல்லாதது கைபேசி வழி. வெப்பநிலைக்குக் கீழே 'பனிநிலை' (டியூ பாயிண்ட்) என்று ஒரு எண் சில செயலிகளில் வரும். வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் வித்தியாசம் 2 டிகிரியோ அதற்குக் குறைவோ இருக்கும் மணி நேரங்களை எண்ணுங்கள். இலை நனைந்திருக்கும் நேரத்துக்கு இது ஓரளவு நெருங்கி வரும். ஆனால் அது உங்கள் வயலின் அளவு அல்ல, சுற்றுவட்டாரத்துக்கான கணிப்பு.

இரண்டாவது, இரட்டை வெப்பமானி. ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானி வாங்கி, ஒன்றின் குமிழில் சுத்தமான பருத்தித் திரியைச் சுற்றி, திரியின் மறுமுனை சிறு குப்பித் தண்ணீரில் கிடக்கும்படி கட்டுங்கள். 24 டிகிரி வாக்கில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 1 டிகிரிக்குள் இருந்தால் ஈரப்பதம் 90க்கு மேல். வித்தியாசம் 2 டிகிரி என்றால் சுமார் 84. கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் திரியில் உப்புப் படிந்து ஈரம் ஏறாது, அளவு தவறும். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரை ஊற்றுங்கள். பதினைந்து நாளைக்கு ஒரு முறை திரியை மாற்றுங்கள்.

மூன்றாவது, கடையில் கிடைக்கும் மின்னணு ஈரமானி. வாங்கியதும் சோதிக்காமல் நம்ப வேண்டாம். ஒரு மூடியில் சமையல் உப்பை வைத்து, சேறு பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு முழுவதும் கரையக் கூடாது. அந்த மூடியையும் கருவியையும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் வைத்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் அது 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் அந்தக் கருவியில் வரும் எண்ணோடு 5 கூட்டிக்கொள்ளுங்கள்.

எந்தக் கருவியானாலும் வைக்கும் இடம்தான் முக்கியம். மொட்டை மாடியில் வைத்தால் இரவிலும் வெப்பத்தைக் கூடுதலாகக் காட்டும், ஈரப்பதம் குறைந்து தெரியும், ஆபத்தான இரவு நல்ல இரவாகப் பதிவாகும். வரப்போரம் ஒரு கம்பு நட்டு, 4 முதல் 5 அடி உயரத்தில், மேலே ஓலை வேய்ந்து நாலு பக்கமும் காற்று போகும்படி தொங்கவிடுங்கள்.

காலையில் வயலுக்குப் போகிறவர்கள் கூடவே ஒரு மெல்லிய காகிதத் துண்டை எடுத்துப்போய் நடு இலையில் ஒட்டிப் பார்க்கலாம். காகிதம் இலையில் ஒட்டாமல் விழும் நேரத்தை எழுதி வையுங்கள். முந்தைய இரவு பனி இறங்கிய நேரத்திலிருந்து அதுவரை எண்ணினால் கணக்கு முடிந்தது.

ஏத்தன் (நேந்திரன்) வாழையில் இலைப்புள்ளி. மழை விட்டு வெயில் அடிக்கும்போதுதான் அதிகமாகத் தெரிகிறது. வெயிலில் வரும் நோயா? (திருவட்டார்)

மழையில் நுழைந்த நோய் வெயிலில் தெரிகிறது, அவ்வளவுதான். சிகடோகா வகைப் புள்ளி நோய்கள் உள்ளே நுழைந்து கண்ணுக்குத் தெரிய மூன்று முதல் ஐந்து வாரம் ஆகும். நெல்லுக்கு ஒரு வாரக் கணக்கு, வாழைக்கு ஒரு மாதக் கணக்கு. புள்ளி தெரிந்ததும் வானத்தைப் பார்ப்பதில் பயனில்லை, ஒரு மாதத்துக்கு முந்தைய மழைக் குறிப்பைப் பாருங்கள். காய்ந்த புள்ளிகள் மழையிலும் பனியிலும் நனையும்போது வித்துகள் தெறித்துக் காற்றில் ஏறும். அவை இளம் இலைகளின் அடிப்புறத் துளைகள் வழியே உள்ளே போகும்.

வாரம் ஒரு முறை பத்து வாழையில் எண்ணிப் பாருங்கள். முழுதாக விரிந்த மேல் இலையை 1 என்று வைத்துக் கீழே எண்ணி வாருங்கள். பத்துக்கு மேல் முதிர்ந்த புள்ளி உள்ள முதல் இலை எத்தனையாவது என்று குறியுங்கள். அந்த எண் வாரா வாரம் 8, 7, 6 என்று இறங்கினால் நோய் உங்களை முந்துகிறது. குவாடலூப் தீவில் 1970களில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதே போன்ற இலைக் கணக்கோடு நீராவியாகும் அளவையும் சேர்த்து, நாள்காட்டிப்படி அடித்துவந்த தெளிப்புகளைக் குறைக்க வழி கண்டார்கள்.

புள்ளி விழுந்த இலைப்பகுதியை மட்டும் அறுத்து, மேல்புறம் மண்ணைப் பார்க்கும்படி கவிழ்த்துப் போடுங்கள். நிமிர்த்திப் போட்டால் வித்து மறுபடி கிளம்பும். பிறகு புரோபிகோனசோல் 25 இ.சி. லிட்டருக்கு 1 மில்லியோடு வாழைக்கென விற்கும் கனிம எண்ணெய் 10 மில்லி சேர்த்து, குருத்தும் மேல் நான்கு இலைகளின் அடிப்புறமும் நனையும்படி தெளியுங்கள். 25 முதல் 30 நாள் இடைவெளி போதும். உச்சி வெயிலில் எண்ணெய் இலையைக் கருக்கிவிடும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்காமல் நடுவில் லிட்டருக்கு 2 கிராம் மான்கோசெப்புக்கு மாறுங்கள். குலை தள்ளிய பிறகு வாழை புது இலை விடாது. அந்த நாளில் எட்டு நல்ல இலையாவது மரத்தில் இருந்தால்தான் காய் திரளும்.

ரப்பருக்கும் இந்த முன்னறிவிப்பு பயன்படுமா? (குலசேகரம்)

இரண்டு நோய்க்கு இரண்டு விடை.

மழைக்கால இலையுதிர்வு நோய்க்கு ஒரு தெளிவான கணக்கு உண்டு. இடையில் நல்ல வெயில் இல்லாமல் 7 முதல் 10 நாளில் 250 முதல் 350 மில்லிமீட்டர் மழை பெய்து, ஈரப்பதம் 90க்கு மேல் நின்றால் நோய் வெடிக்கும். ஆனால் அந்த மழை தொடங்கிய பிறகு உயர்ந்த மரத்தில் மருந்து ஏற்ற வழியே இல்லை. அதனால் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே, மே மாதத்திலேயே, எண்ணெயில் கலக்கும் தாமிர ஆக்சிகுளோரைடு 56 சதவீதத்தை ஹெக்டேருக்கு 8 கிலோ வீதம் 40 லிட்டர் தெளிப்பு எண்ணெயில் கலந்து அடித்து முடிக்க வேண்டும். இங்கே வானிலைக் கணக்கு சேதத்தை மதிப்பிடத்தான் உதவும்.

சாம்பல் நோய்க்குத்தான் அன்றாட வானிலை கைகொடுக்கும். இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும் தை, மாசியில் வரும் நோய் இது. இந்தப் பூசணத்துக்கு இலையில் நீர்ப்படலமே தேவையில்லை. மேகமூட்டமும் காலை மூடுபனியும் இதமான வெப்பமும் போதும். பெருமழை பெய்தால் வித்து கழுவப்பட்டுவிடும். தோட்டத்தில் பத்தில் ஒரு மரம் செந்தளிர் விட்டதும், மூடுபனிக் காலை தொடர்ந்தால் கந்தகத் தூளைத் தூவத் தொடங்குங்கள். ஹெக்டேருக்கு ஒரு முறைக்கு 11 முதல் 14 கிலோ, 7 முதல் 10 நாள் இடைவெளியில் மூன்று முதல் ஐந்து முறை. இலையில் பனி ஈரம் இருக்கும் விடியற்காலையில் தூவினால்தான் தூள் ஒட்டும். காற்று எழுந்த பிறகு தூவினால் பக்கத்து விளைக்குத்தான் போகும்.

வெளிநாட்டில் புகையிலைக்குக் காற்றின் பாதையை வைத்தே நோய் வருவதைச் சொல்கிறார்களாமே? நம் நெல்லுக்கு அப்படிச் செய்ய முடியாதா? (நாகர்கோவில்)

நல்ல கேள்வி. புகையிலையின் நீலப்பூசண நோய் 1979இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் பெருஞ்சேதம் செய்தது. இழப்பு 25 கோடி டாலருக்கு மேல். பிறகு 1990களில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதற்கென ஒரு முன்னறிவிப்பு முறை உருவாக்கினார்கள்.

அது வேலை செய்யும் விதம் எளிதாகப் புரியும். எந்த ஊரில் நோய் இருக்கிறது என்று களப்பணியாளர்கள் தெரிவிப்பார்கள். அந்த இடத்திலிருந்து கிளம்பும் காற்று அடுத்த சில நாளில் எங்கே போகும் என்று வானிலைக் கணினி மாதிரியில் பாதை வரைவார்கள். வழியில் மேகமா வெயிலா என்று பார்ப்பார்கள். நீலப்பூசண வித்து கடும் வெயிலில் சாகும், மேகத்தின் நிழலில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயிரோடு போகும். பாதையின் முடிவில் மழை பெய்தால் வித்து கீழே இறங்கும், அங்கே இலை நனைந்திருந்தால் நோய் பிடிக்கும். இந்தச் சங்கிலியின் கண்ணிகள் எல்லாம் பொருந்தினால் அந்த வட்டாரத்துக்கு எச்சரிக்கை போகும். பிறகு இதே முறையை வெள்ளரிக் குடும்பத்தின் அடிச்சாம்பல் நோய்க்கும் எடுத்துக்கொண்டார்கள்.

இதற்கு நம் நாட்டிலும் முன்மாதிரி உண்டு. நீலகிரியிலும் பழனி மலையிலும் கோதுமையில் நிற்கும் தண்டுத் துருநோயின் வித்துகள், வங்கக்கடல் புயல் காற்றோடு மத்திய இந்தியாவுக்குப் போய் மழையில் இறங்குவதை 1970களில் இந்திய ஆய்வாளர்களே விதிகளாக வகுத்தார்கள்.

நெல் குலைநோய் வேறு சங்கதி. அதன் வித்துகளில் பெரும்பகுதி கிளம்பிய வயலுக்குப் பக்கத்திலேயே விழுகின்றன. நோய் நிற்கும் இடமும் தொலைவில் இல்லை. வரப்புப் புல், பழைய வைக்கோல், பக்கத்து ஏலாவின் (வயல்வெளியின்) முந்திய நடவு ஆகியவையே ஊற்று. அதனால் நமக்குப் பாதைப்படத்தைவிட அண்டை வயல் செய்தியே அவசரத் தேவை. மாவட்டத்தின் ஒன்பது ஒன்றியங்களிலும் குலைநோய்ப் புள்ளியை முதலில் பார்ப்பவர் அன்றே வேளாண் அலுவலருக்கும் பக்கத்து வயல்காரருக்கும் சொன்னால், நமக்கு வேண்டிய எச்சரிக்கையின் பாதி கிடைத்துவிடும். மீதிப் பாதிக்குச் செவ்வாயும் வெள்ளியும் வரும் வேளாண் வானிலை அறிக்கை இருக்கிறது.

பந்தல் பாவலில் இலை மஞ்சள் கட்டமாகிறது. (கிள்ளியூர்)

காலையில் இலையைத் திருப்பிப் பாருங்கள். மஞ்சள் கட்டத்துக்கு நேர் அடியில் சாம்பல்-ஊதா நிறப் பூசணம் இருந்தால் அடிச்சாம்பல் நோய். பனி காய்ந்த பிறகு பார்த்தால் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. மான்கோசெப் லிட்டருக்கு 2 கிராம், அடிப்புறம் நனைய வேண்டும். மாலையில் பந்தலுக்கு மேலே தண்ணீர் தெளிக்கும் வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள்.

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் காற்று விடாமல் அடிக்கிறது. எந்த நேரத்தில் மருந்து அடிப்பது? (தோவாளை)

மரத்தில் இலையும் சிறு கொம்பும் ஓயாமல் ஆடினால் காற்று மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது என்று பொருள். அப்போது தெளிப்பானைத் தோளில் ஏற்ற வேண்டாம். காற்று தணியும் அதிகாலை வசதிதான், ஆனால் இலையில் பனி சொட்டும்போது அடித்தால் மருந்து வழிந்து மண்ணுக்குப் போகும். பனி வற்றத் தொடங்கி, காற்று எழும்பாத அந்த ஒரு மணி நேரத்தைப் பிடியுங்கள். கணவாய்க் காற்றில் ஒரு நன்மையும் உண்டு. இலை விரைவாகக் காய்வதால், அந்தப் பகுதியில் கன்னிப்பூப் போகத்துக்கு நீங்கள் அடிக்கும் தெளிப்புகளில் சில தேவையற்றவையாக இருக்கலாம். ஈர நேரத்தை எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எச்சரிக்கையை நம்பி அடித்தேன், நோயே வரவில்லை. பணம் வீண்தானே? (இறச்சகுளம்)

மருந்தால் வராமல் போனதா, தானாகவே வந்திருக்காதா என்று முழு வயலிலும் அடித்த பிறகு யாராலும் சொல்ல முடியாது. அடுத்த முறை வயலின் நடுவில் இரண்டு மீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டையை அடிக்காமல் விடுங்கள். ஓரத்தில் விட வேண்டாம், ஓரத்தின் நிழலும் காற்றும் வேறு. நான்கு மூலையிலும் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். அறுவடைக்குப் பத்து நாள் முன்பு அந்தப் பட்டையில் 100 கதிரும் அடித்த பகுதியில் 100 கதிரும் கழுத்தைப் பார்த்து எண்ணுங்கள். இரண்டு எண்ணையும், அந்த மாதத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் ஈரம் நின்ற இரவுகள் எத்தனை என்பதையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு பகுதிக்கும் வித்தியாசம் மூன்று, நான்கு கதிர்தான் என்றால் அத்தனை ஈர இரவுகளை உங்கள் வயல் தாங்கும். இருபது, முப்பது என்று வந்தால் அடுத்த கும்பப்பூவில் அதைவிடக் குறைந்த இரவுகளிலேயே அடிக்க வேண்டியிருக்கும்.